எம்ஹெச்ஏ-வோட எம்பிபி-யும் சேர்த்துப் படிக்கலாமா? வெள்ளிக்குள்ள பதில் சொல்லணும்

புதுசா_வந்தவ:
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட்ல அமெரிக்கா வந்தேன், எம்ஹெச்ஏ (ஹாஸ்பிடல் நிர்வாக மாஸ்டர்ஸ்) முதல் வருஷம். இப்போ இதே யுனிவர்சிட்டி பாலிசி ஸ்கூல்லயும் எம்பிபி-க்கு (அரசுக் கொள்கை மாஸ்டர்ஸ்) சீட் கிடைச்சிருக்கு. ரெண்டையும் சேர்த்து மூணு வருஷத்துல முடிக்கலாமாம். அப்பா லோன் போட்டுத்தான் அனுப்பினார். கேட்டா "உனக்குச் சரின்னு படுறதைப் பண்ணும்மா"ங்கறார். தூக்கமே வரல. சேரட்டுமா வேண்டாமா?

மிச்சிகன்_மாமா:
யோசிக்காம சேரும்மா. ரெண்டு மாஸ்டர்ஸ்னா ரெண்டு ஓபிடி, அதான் படிப்பு முடிச்சுட்டு இங்கயே வேலை பாக்கற அனுமதி. அதைவிட முக்கியம் வீடு. 12 மாச லீஸ் போட்டிருந்தா சப்லீஸுக்கு, அதாவது நடுவுல வேற ஆளுக்கு வாடகைக்கு விட, அனுமதி இருக்கான்னு பாரு, கோடையில இன்டர்ன்ஷிப்புக்கு வேற ஊர் போகவேண்டி வரும். ஹீட்டிங் வாடகையில சேர்த்தியான்னும் கேளு. ஜனவரி பில் வந்தப்புறம் கேட்டுப் பிரயோஜனமில்ல.

கோடு_பாக்கறவன்:
மாமா சொன்ன ஓபிடி கணக்கு தப்பு. ஒரு படிப்பு நிலைக்கு 12 மாசம்தான். ரெண்டும் மாஸ்டர்ஸ், அதனால ஒரே 12 மாசம். முழுநேர சிபிடி (படிக்கும்போதே வேலை பாக்கற அனுமதி) 12 மாசம் ஆயிட்டா அதுவும் போச்சு. ஐ-20-ல (விசாவுக்காக யுனிவர்சிட்டி குடுக்கற படிவம்) மேஜருக்குப் பக்கத்துல ஆறு இலக்க சிஐபி கோடு இருக்கும், படிப்பு எந்தத் துறைன்னு காட்டற எண். 51.0701-ன்னா ஹெல்த் அட்மினிஸ்ட்ரேஷன், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) கிடையாது. 44.0501 பப்ளிக் பாலிசி, அதுவும் கிடையாது. சில பாலிசி ஸ்கூல்ல டேட்டா சார்ந்த டிராக்குக்கு ஸ்டெம் கோடு வச்சிருப்பாங்க. அது இருந்தா கூடுதலா 24 மாசம். உங்க ஸ்கூல்ல என்ன கோடு?

சேலம்_டு_ஒஹாயோ:
வேலைதான் வேணும்னா எம்ஹெச்ஏ மட்டும் போதும். ஹாஸ்பிடல்காரங்க எம்பிபி-யைக் கண்டுக்கறதில்ல. எங்க பாத்தாலும் "இப்பவோ பின்னாலயோ விசாவுக்கு ஸ்பான்சர் வேணுமா"ங்கற ஒரே கேள்வி. ஆமான்னு போட்டா அத்தோட சரி. படிப்பு முடிச்சதும் ஹாஸ்பிடல்ல சேர்ற பயிற்சி வேலை, அந்த ஃபெல்லோஷிப்லயும் பாதிக்கு மேல இப்படித்தான்.

மிச்சிகன்_மாமா:
உண்மை. வாடகை, இன்சூரன்ஸ், எல்லாம் ஏறுது, வேலை மட்டும் இறங்குது.

பட்ஜெட்_அக்கா:
கண்டுக்கறதில்லைன்னு சொல்லாதீங்க தம்பி. மெடிகெய்டை (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்கறதும் விடறதும் அந்தந்த மாநிலத்தோட இஷ்டம்னு 2012-ல சுப்ரீம் கோர்ட் சொன்னதிலேர்ந்து, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கற ஹாஸ்பிடலோட வரவு ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேற மாதிரி. அந்தக் கணக்கைப் படிச்சுச் சொல்ற ஆள் பெரிய ஹாஸ்பிடல் குழுமங்களோட ஸ்ட்ராடஜி டீமுக்கு வேணும். ஆனா கிளினிக்கைத் தினசரி நடத்தற வேலைதான் பிடிக்கும்னா அந்த ஒரு வருஷச் செலவு வீண். இதை அந்தப் பொண்ணுதான் முடிவு பண்ணணும். ஸ்பான்சர் விஷயத்துல ஒண்ணு: யுனிவர்சிட்டியோட இணைஞ்ச லாப நோக்கமில்லாத ஹாஸ்பிடல்களுக்கு ஹெச்-1பி வேலை விசாவுக்கு லாட்டரி கிடையாது. விண்ணப்பத்தை அந்தப் பக்கம் திருப்புங்க.

புதுசா_வந்தவ:
அக்கா, என் ஐ-20-ல 51.0701 தான். ரெண்டு வருஷத்துக்குத்தான் போட்டிருக்கு. எம்ஹெச்ஏ-ல கிராஜுவேட் அசிஸ்டன்ட் வேலை இருக்கு, பாதி ஃபீஸ் கழியுது. முதல்லயே சொல்லியிருக்கணும்.

பட்ஜெட்_அக்கா:
இதுதான் வேணும். இனி வரிசையா பாரும்மா.

ஃபீஸ்: உன் பாதிக் கழிவு எம்ஹெச்ஏ ஃபீஸுக்கு மட்டுமா, பாலிசி ஸ்கூல் ஃபீஸ் போடற வருஷத்துக்கும் செல்லுமா? பல இடத்துல வேலை குடுத்த ஸ்கூலோட நின்னுடும். எழுத்துல வாங்கு.

கிரெடிட்: தனித்தனியா 60-ம் 48-ம்னா 108. ரெண்டையும் சேர்த்துப் படிக்கற டூயல்ல 25, 30 கிரெடிட் பொதுவாக் கணக்காகும்னாத்தான் மூணு வருஷத்துல முடியும். எந்தெந்தப் பாடம் ரெண்டு பக்கமும் செல்லும்னு பட்டியல் கேளு. மைக்ரோ எகனாமிக்ஸ் மாதிரி பாடம் இலையுதிர் பருவத்துல மட்டும்தான் நடத்தறாங்கன்னா, அதைத் தவறவிட்டா அடுத்து வர்ற பாடமெல்லாம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். மூணு வருஷம் நாலாகறது பெரும்பாலும் இதனாலதான்.

ஐ-20: முடிவு தேதிக்கு முன்னாடியே டிஎஸ்ஓ (யுனிவர்சிட்டியில வெளிநாட்டு மாணவர் விசா பாக்கற அதிகாரி) ரெண்டாவது மேஜரைச் சேர்த்து நீட்டிக்கணும். கூடுதல் வருஷத்துக்குப் பணம் இருக்குன்னு காட்டணும். ரெண்டு பட்டமும் ஒரே செமஸ்டர்ல வரட்டும். எம்ஹெச்ஏ மட்டும் முன்னாடி முடிஞ்சதா பதிவாயிட்டா செவிஸ்ல (அரசாங்கத்தோட வெளிநாட்டு மாணவர் பதிவேடு) சிக்கல்.

லோன்: ஊர்ல பேங்க் ரெண்டு வருஷப் படிப்புன்னுதான் சாங்ஷன் பண்ணியிருக்கும். புது ஐ-20-ஐக் குடுத்து தவணை ஆரம்பிக்கற தேதியை மாத்தலேன்னா, நீ படிச்சுக்கிட்டிருக்கும்போதே அப்பாவுக்கு இஎம்ஐ வந்துடும்.

ஃபெல்லோஷிப்: டூயல்ல மூணாவது வருஷ ஆரம்பத்துலதான் விண்ணப்பம், பல கெடு செப்டம்பர், அக்டோபர்ல முடியும். ஓபிடி விண்ணப்பம் படிப்பு முடியறதுக்கு 90 நாள் முன்னாடியிலேர்ந்து, முடிஞ்சப்புறம் 60 நாள் வரைக்கும். டிஎஸ்ஓ பரிந்துரை போட்ட 30 நாளுக்குள்ள அனுப்பிடணும்.

இன்னிக்கே ரெண்டு அட்வைஸருக்கும் டிஎஸ்ஓ-வுக்கும் ஒரே மெயில்ல இதைக் கேளு. வெள்ளிக்குள்ள ஃபீஸ் கழிவுக்கு எழுத்துல பதில் வரலேன்னா, ஒரு வாரம் அவகாசம் கேளு. கேட்டா சீட் போயிடாது.

கோடு_பாக்கறவன்:
அந்த மெயில்லயே பாலிசி டிகிரியோட சிஐபி கோடையும் கேட்டுடுங்க. வெப்சைட்ல போட்டிருக்கறதை நம்பாதீங்க, ஐ-20-ல எது ஏறுமோ அது.