டீகம்ப்ரஷன் லிவர்: தமிழில் என்ன சொல்லலாம்?

திருமங்கலம், பாலிடெக்னிக் ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம். எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய லிஸ்டர் ஆயில் எஞ்சின் வந்திருக்கிறது. ஒற்றை சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. இந்த மாதிரி எஞ்சின்களைத் தேடிப் பிடித்து ஓட்டிப் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் நண்பர்கள் பழுது நீக்கிக் கொடுத்தார்கள். பெல்ட் போட்டு 1500 சுற்று ஜெனரேட்டரை இழுக்கிறது, பல்பும் எரிகிறது. மாணவர்களுக்கான கையேட்டை வெள்ளிக்கிழமை மதுரை சிம்மக்கல் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். டீகம்ப்ரஷன் லிவர் ஒன்றுதான் இடிக்கிறது. 'அழுத்த நீக்கி நெம்புகோல்' என்று போட்டிருக்கிறேன். படித்தால் பிரஷர் குக்கர் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

எஞ்சின் பக்கம் போகாதவர்களுக்கு: ஹேண்டிலால் சுற்றும்போது பிஸ்டன் மேலே வந்து காற்றை அமுக்கும். டீசல் எஞ்சினில் அந்த இடத்தைக் கைபலத்தால் தாண்டுவது கஷ்டம். லிவரைத் தூக்கினால், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு மூடாமல் நிற்கும், காற்று வெளியே ஓடிவிடும், பிளைவீல் என்ற கனமான சக்கரம் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் லிவரை விட வேண்டும். அதற்குப் பிறகு பிஸ்டனை மேலே ஏற்றுவது பிளைவீலின் கனம். காற்று சூடேறி, டீசல் பற்றிக்கொள்ளும்.

தெப்பக்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, முதல் கோணல் 'அழுத்தம்' என்ற சொல்லில் இருக்கிறது. அழுத்தம் ஒரு நிலை. சும்மா கிடக்கும் தண்ணீருக்கும் அழுத்தம் உண்டு. நீங்கள் சொல்வது ஒரு செயல். அமுங்கு தன்வினை, அமுக்கு பிறவினை, அதிலிருந்து அமுக்கம். அமிழ், ஆழ், ஆழி எல்லாம் இதே வேரின் கிளைகள் என்பது என் கட்சி. அதைத் தனியே எழுதுகிறேன்.

'அமுக்கந்தளர்த்தி' என்று வையுங்கள். மரங்கொத்தி, பாக்குவெட்டி, தேங்காய்துருவி எல்லாம் இப்படித்தான் பிறந்தன. ஒற்று மிகுத்து 'அமுக்கத்தளர்த்தி' என்று எழுதிவிடாதீர்கள். மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. யாரும் மரக்கொத்தி என்று சொல்வதில்லை. நெம்புகோல் தேவையே இல்லை, விகுதியே கருவியைக் காட்டிவிடுகிறது.

வாடிப்பட்டி, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா சொன்னது இங்கே சரி. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம் என்றால் பிரஷர். யாழ்ப்பாணத்துப் பையன் இதைப் படித்தால், நீங்கள் ஒதுக்கிய பொருளையே எடுத்துக்கொள்வான். 'இறுக்கம்' நடுவில் நிற்குமா? 'இறுக்கந்தளர்த்தி'.

மேலூர், எஞ்சின் பட்டறை:

இறுக்கம் தளர்த்துறது ஸ்பேனர் வேலை அண்ணே. போல்ட் கழட்டுற சமாச்சாரம்னு நினைப்பான்.

எங்கள் பட்டறையில் 'லிவரைத் தூக்கு', 'லிவரை விடு', அவ்வளவுதான். வாத்தியார் கேட்டதால் யோசித்துப் பார்த்தேன். நீக்கி, தளர்த்தி இரண்டுமே உள்ளே ஏற்கெனவே ஒரு அமுக்கம் இருந்து அதை எடுத்துவிடுவது போலக் காட்டுகின்றன. உண்மையில் அமுக்கம் உண்டாகவே விடுவதில்லை. லிவர் செய்வது ஒரே வேலை: வால்வைத் தூக்கிப் பிடிக்கிறது. 'வால்வு தூக்கி' என்று போடுங்கள். கையில் என்ன நடக்கிறதோ அதுவே பெயராக இருக்கட்டும்.

இன்னொன்றும் கையேட்டில் எழுதுங்கள். எஞ்சினை நிறுத்த இந்த லிவரைத் தூக்கக் கூடாது, டீசலைத்தான் அடைக்க வேண்டும். லிவரால் நிறுத்தி நிறுத்தி வால்வு கருகிப் போன ஹெட்டுகள் (சிலிண்டரின் மேல்மூடி) எங்களிடம் வராத வருஷம் இல்லை.

அண்ணாநகர், தனித்தமிழ் ஆர்வலர்:

மேலூர் அண்ணன் கருத்து அருமை. ஆனால் 'வால்வு' எப்படித் தமிழாகும்? 1901-ல் தமிழ்ச் சங்கம் கண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு வால்வு என்று எழுதலாமா? அதர் என்றால் வழி, சங்கச் சொல். ஒரு பக்கம் மட்டும் விடும் வழி 'ஓரதர்'. ஆகவே 'ஓரதர்தூக்கி'.

மேலூர்:

தம்பி, பள்ளிக்கூடப் பாடத்தில் இதயத்துக்கே ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்றுதான் இருக்கிறது. நெஞ்சுக்குள் இருக்கலாம், எஞ்சினுக்குள் இருக்கக் கூடாதா? அதோடு, லிவரைத் தூக்கிய பிறகு அந்த வால்வு வழியாகக் காற்று உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். ஒரு பக்க வழி என்ற பெயர் அந்த நேரத்தில்தான் பொய்யாகும்.

அண்ணாநகர்:

அப்படியானால் வெறும் 'அதர்' போதும். 'அதர்தூக்கி'.

வாடிப்பட்டி:

அச்சுப் பிழை என்று நினைத்து யாராவது 'அதிர்தூக்கி' ஆக்கிவிடுவார்கள். லிஸ்டர் அதிர்கிற அதிர்ச்சிக்கு அதுவும் பொருந்தத்தான் செய்யும்.

உசிலம்பட்டி, எஞ்சின் சேகரிப்பாளர்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் தாத்தா மாடு கட்டி இறைக்கும் கமலையை விட்டு ஆயில் எஞ்சினுக்கு மாறியவர். கிணற்று மேட்டில் அது டப்... டப்... என்று அடிப்பதை வைத்தே யார் தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறது என்று ஊரே சொல்லும். கரண்ட் மோட்டார் வந்து, 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்த பிறகு, அதெல்லாம் காயலான் கடைக்குப் போனது. நான் வாங்குவது அந்தக் கடைகளில் இருந்துதான். டூரிங் டாக்கீஸுக்கும் இதே ஜாதி எஞ்சின்தான் ஓடும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால் 650 சுற்றில் நிமிடத்துக்கு 325 வெடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து சொச்சம். அதனால்தான் இதில் ஜெனரேட்டர் போட்டால் பல்பு கண்சிமிட்டும். கனமான பிளைவீல் போட்டால் குறையும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புலவர் ஐயாவின் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. லிஸ்டரின் பழைய மாதிரிகளில் ஹெட்டில் சின்னக் கைச்சக்கரம் ஒன்றும் உண்டு. ராஜ்கோட்டில் செய்த நகல்கள் எல்லாவற்றிலும் அது இருக்காது. ஆசிரியரிடம் இருப்பதில் உண்டு, நான் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது அதைத் திருகி மூடுவோம். சிலிண்டரில் டீசல் எரியும் இடத்தை ஒட்டிய சின்ன அறை அடைபட்டு, இடம் குறைந்து, காற்று இன்னும் நன்றாக அமுங்கும். எஞ்சின் சூடாகி லோடு எடுத்ததும் திறந்துவிடுவோம், அமுக்கம் குறையும். நிஜமாக அமுக்கத்தைத் தளர்த்துவது அந்தச் சக்கரம். 'அமுக்கந்தளர்த்தி' என்ற பெயரை லிவருக்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன வைப்பது? பையன் கையேட்டைப் படித்துவிட்டு ஒன்றைத் திருப்புவதற்குப் பதில் மற்றதைத் தூக்குவான்.

தெப்பக்குளம்:

நல்ல கேள்வி. ஆனால் அந்தச் சக்கரம் மூடும்போது இறுக்குகிறது, திறக்கும்போது தளர்த்துகிறது. இரண்டும் செய்வதற்குத் தளர்த்தி என்று பெயர் வைப்பது பாதி உண்மை. 'அமுக்கமாற்றி' என்று வைத்தால் குற்றமில்லை. லிவர் என் சொல்லையே வைத்துக்கொள்ளட்டும். அமுக்கம் உண்டாகவிடாமல் செய்வதும் ஒருவகைத் தளர்த்தலே. கட்டப் போகும் கயிற்றை முன்கூட்டியே நெகிழ விடுவதில்லையா?

மேலூர்:

கட்டாத கயிறு எப்படி ஐயா நெகிழும்?

திருமங்கலம்:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது, முடிவு கட்டுகிறேன். கைச்சக்கரத்துக்கு 'அமுக்கமாற்றி' என்பதில் யாரும் சண்டை போடவில்லை, அது நிற்கட்டும். லிவருக்கு மேலூர், உசிலம்பட்டி, அரைமனதோடு வாடிப்பட்டி எல்லாம் 'வால்வு தூக்கி' பக்கம். அதையே போடுகிறேன். பட்டறையில் நின்று படிப்பவனுக்கு எதைத் தொட வேண்டும், தொட்டால் எது நகரும் என்று தெரிந்தால் போதும். நிறுத்துவதற்கு இதைத் தூக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன்.

அண்ணாநகர்:

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்கிறேன். பாதிச் சொல் ஆங்கிலம்.

தெப்பக்குளம்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. போகட்டும், கையேட்டில் 'பிளைவீல்' என்று அப்படியே விட்டிருக்கிறீர்களே? குயவன் சக்கரத்துக்குத் திகிரி என்று புறநானூறு 228-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. ஒருமுறை சுழற்றிவிட்டால் தன் கனத்தாலேயே சுழன்றுகொண்டிருப்பது அது. நேமி, ஆழி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்...

மேலூர்:

ஐயா, அதற்குத் தனி இழை ஆரம்பியுங்கள். அச்சகத்துக்காரன் காத்திருக்கிறான்.