ராமநாதபுரம் கடலோரத்தில் தூங்கிப்போன நூலகர் சங்கம், எழுப்ப வழி சொல்லுங்கள்

கீழக்கரை நூலகர்:
வணக்கம். கல்லூரி நூலகர் நான். எங்கள் பக்கம் பதிவு பெற்ற நூலகர் சங்கம் ஒன்று இருந்தது, இருக்கிறது என்றும் சொல்லலாம், ரசீதுப் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் என் மேசை டிராயரில்தான் கிடக்கின்றன. ஆரம்பித்த பெரியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், செயலாளர் மாறுதலில் போய்விட்டார், வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போட வேண்டிய இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் பணி நிறைவு வாழ்த்தும்தான் ஓடுகின்றன. கூட்டம் என்றால் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தால் யாரும் வருவதில்லை. தொண்டி ஒரு மூலை, ராமேஸ்வரம் ஒரு மூலை, சாயல்குடி ஒரு மூலை. கல்லூரி, பள்ளி, பொது நூலகம் என மூன்று தரப்பையும் எப்படிச் சேர்ப்பது?

தொண்டிக்காரர்:
தம்பி, கிளை நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் கிழமையைப் பாருங்கள். பொது நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளி, உங்களுக்கு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டால் கிளை நூலகர் எப்படி வருவார்? பல ஊரில் ஒரே ஆள்தான், அவரே திறந்து அவரே பூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் நம் ஆட்களிடம் ஒற்றுமை இல்லை என்று புலம்பிப் பயனில்லை. வெள்ளி மாலை நாலு மணிக்கு வையுங்கள். ஜும்ஆ தொழுகையும் முடிந்திருக்கும், கல்லூரிக்காரர்கள் கொஞ்சம் முன்னதாக அனுமதி வாங்கினால் போதும்.

பரமக்குடி கணக்கு:
புது லெட்டர்பேடு அடிக்கும் முன் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அதைச் சரி செய்வதா, புதிதாகவே பதிவதா என்று அங்கேயே கேட்டு முடிவெடுக்கலாம். புதிதாகப் பதிய 7 பேர் போதும். வங்கிக்குத் தீர்மான நகலும் இறப்புச் சான்றும் கொடுத்துக் கையெழுத்தை மாற்றுங்கள். அதுவரை யாரிடமும் சந்தா வாங்காதீர்கள், பிறகு வம்பு.

பாம்பன் டீச்சர்:
எனக்குக் கூட்டம் என்றாலே அலர்ஜி. வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை, வடை, வீடு. என் பள்ளி நூலகத்தைப் பாருங்கள்: உப்புக் காற்றில் ஸ்டீல் ரேக்கின் கீழ்த்தட்டு செதில் செதிலாக உரிகிறது, மழைக்காலத்துக்குப் பிறகு வழவழப்புத் தாள் புத்தகங்களைத் திறந்தால் நாலைந்து பக்கம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருகிறது, பிரித்தால் படத்தின் மை எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. இதற்கு வழி சொல்ல ஆள் இருந்தால் பஸ் ஏறி வருகிறேன், சங்கத்துக்காக வர மாட்டேன்.

தொண்டிக்காரர்:
அம்மா, ஒட்டி உலர்ந்ததைப் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களுக்கு நடுவில் வெற்றுத்தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும். ரேக்கைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டில் புத்தகமே வேண்டாம்.

மண்டபம் வாசகி:
டீச்சர் சொன்னதுதான் வழி என்று நினைக்கிறேன். பொறுப்பாளர் தேர்தலைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஒருவருக்கொருவர் உதவுகிற வேலை நடக்கட்டும். இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1971 வரை அதன் தலைமையகமே மண்டபம் முகாமில்தான். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. ஆனால் கடற்புல் பற்றி ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளை கீழக்கரையில் இருந்து மதுரைக்கு அலைகிறது. எந்த நூலகத்தில் எந்தத் துறை நூல்கள் இருக்கின்றன, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே ஒரு ஷீட் போடுங்கள். அரசுக் கல்லூரிகளுக்கு இணையம் வழியாக மின்னிதழ்கள் கிடைக்கின்றன, கிளை நூலகத்தில் போட்டித் தேர்வு நூல்களுக்குத்தான் கூட்டம். சென்னை நூலகச் சங்கம் 1928ல் தொடங்கி, நூலகச் சட்டம் வேண்டும் என்று விடாமல் கேட்டது, 1948ல் சட்டம் வந்தது. நமக்கும் கேட்க ஒன்று வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கும் ரேக் கேட்கலாமே.

கீழக்கரை நூலகர்:
கிழமை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தில் வைக்கலாமா?

தொண்டிக்காரர்:
அன்றைக்கு நூலகத் துறையின் தந்தை ரங்கநாதன் படத்துக்கு மாலை போட அவரவர் நூலகத்தில் விழா இருக்கும் தம்பி. சாதாரண வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள்.

கீழக்கரை நூலகர்:
சரி. அடுத்த மாதம் முதல் வெள்ளி, நாலு மணி, டீச்சர் பள்ளியிலேயே. அவர் சம்மதித்துவிட்டார், தலைமையாசிரியரிடமும் பேசிவிட்டார். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. ஆளுக்கு ஒரு கிழிந்த புத்தகம் கொண்டு வாருங்கள், ஐயா பைண்டிங் சொல்லித் தருவார். ஷீட்டையும் அங்கேயே நிரப்பிவிடலாம். சாயல்குடிப் பக்கம் எனக்கு யாரையும் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் டீச்சர்:
வடை நான் வாங்கி வைக்கிறேன், அது மட்டும் இருக்கட்டும். பசை என்ன வாங்க, ஃபெவிகாலா?

தொண்டிக்காரர்:
வேண்டாம்மா, மைதா போதும். கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்துக் காய்ச்சினால் பூச்சி அண்டாது. துத்தம் விஷம், பிள்ளைகள் கை படாமல் நானே கொண்டு வருகிறேன்.