கம்பனிக் கடனின் தவணை தவறிவிட்டது, அடுத்து என்ன நடக்கும்? (கந்தப்பளை)

கரட்_லொறி:
வணக்கம். நானும் அத்தானும் பணிப்பாளர்களாக இருக்கும் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பனி எங்களுடையது. கந்தப்பளை, இராகலைப் பக்கம் விவசாயிகளிடம் கரட், லீக்ஸ், கோவா எடுத்து, கழுவித் தரம் பிரித்து, கொழும்பில் ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்கும் மிச்சத்தைப் பேலியகொடை மொத்தச் சந்தைக்கும் அனுப்புகிறோம். கழுவும் கொட்டகைக்கும் குளிர் அறைக்கும் வங்கியில் 60 இலட்சம் கடன் எடுத்தோம், அத்தான் வீட்டுக் காணிதான் ஈடு, லொறி லீசிங்கில் ஓடுகிறது. சுப்பர்மார்க்கெட் தரவேண்டிய காசு இரண்டு மாதமாக இழுபடுகிறது, ஆனால் விவசாயிக்குக் கையில் காசு கொடுத்தால்தான் மறுநாள் மூட்டை வரும், அதனால் இந்த மாதத் தவணை போகவில்லை, அடுத்த மாதமும் சந்தேகம். கிளையிலிருந்து கோல் வருகிறது, என்ன சொல்வதென்று தெரியாமல் அத்தான் போனை எடுப்பதே இல்லை. வீட்டை உடனே ஏலம் போட்டுவிடுவார்களா? லிமிடெட் கம்பனி என்பதால் எங்கள் சொந்தச் சொத்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு கூட்டாளி சொல்கிறார், அது சரியா? அக்காவும் பிணை வைத்திருக்கிறார், அவர் இரவில் தூங்குவதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை_பழைய_வங்கியாள்:
தம்பி, முதலில் அந்தப் போனை எடுக்கச் சொல்லுங்கள். கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தவணை தவறிய வாடிக்கையாளரை விட, தொடர்பே இல்லாமல் போன வாடிக்கையாளரின் கோப்புதான் சீக்கிரம் சட்டப் பிரிவுக்குப் போகும்.

ஒரு தவணைக்கு வீடு ஏலத்துக்குப் போகாது. தவறிய தொகைக்குத் தண்ட வட்டி ஏறும். கம்பனியின் நடைமுறைக் கணக்கும் அதே வங்கியில் என்றால், சுப்பர்மார்க்கெட் காசு விழுந்தவுடன் நிலுவையை அவர்களே பிடித்துக்கொள்ளலாம். இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. கணக்கில் காசு வரும் என்று நம்பி விவசாயிக்குச் செக் கொடுத்திருப்பீர்கள், அந்தச் செக் திரும்பும். பணமில்லாமல் செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தில் குற்றம், அது சிவில் கடன் விஷயம் மட்டுமல்ல. ஆகவே இந்த நேரத்தில் யாருக்கும், வங்கிக்குக்கூட, பின்தேதி போட்ட செக் கொடுக்காதீர்கள்.

90 நாள் தாண்டினால் கடன் செயற்படாக் கடன் ஆகிவிடும். வங்கி அதற்குத் தன் இலாபத்திலிருந்து காசு ஒதுக்க வேண்டும், அதனால் மேலிடத்துக் கேள்வி வரும், கிளை முகாமையாளருக்கு விட்டுக்கொடுக்கும் இடம் சுருங்கிப் போகும். நீங்கள் பேசவேண்டிய காலம் அந்த 90 நாளுக்குள்தான். அதற்கப்புறம் கோரிக்கைக் கடிதம், முழுக் கடனையும் ஒரேயடியாகக் கேட்பது, பிறகு மாவட்ட நீதிமன்றம் அல்லது பரேட்.

பரேட் என்பது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குக் கொடுத்த அதிகாரம். நீதிமன்றம் போகாமல், பணிப்பாளர் சபைத் தீர்மானத்தை வைத்தே ஈட்டுச் சொத்தை ஏலம் போடலாம். மூலக் கடன் 50 இலட்சத்துக்குக் குறைவு என்றால் 2011 திருத்தத்தின்படி அந்த வழி கிடையாது. உங்களுடையது 60, அதுதான் சிக்கல். தீர்மானத்தை வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் போட்டு, உங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். ஏலத் தேதிக்கு முன் முழு நிலுவையும் செலவும் கட்டினால் ஏலம் நிற்கும், ஆனால் அந்தக் கட்டத்தில் முழுத் தொகைக்கு எங்கே போவது. 2024இல் பாராளுமன்றம் இந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது, பிறகு 2025 மார்ச் இறுதி வரை காலத்தையும் நீட்டியது. அதைக் கேள்விப்பட்டு யாராவது "இப்போ பரேட் இல்லை, பேசாமல் இருங்கள்" என்று சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள், அது கடனைத் தள்ளுபடி செய்தது அல்ல, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஹட்டன்_கணக்கர்:
மேலே ஐயா சொன்னது சரி. நான் "லிமிடெட்" விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், இதில்தான் மலையகத்தில் பல குடும்பங்கள் மாட்டுகின்றன. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி கம்பனி தனி ஆள்தான், அதன் கடன் பங்குதாரரின் கடன் அல்ல. ஆனால் எந்த வங்கியும் சின்னக் கம்பனிக்கு அந்த நம்பிக்கையில் மட்டும் கடன் கொடுப்பதில்லை. கடன் ஒப்புதல் கடிதத்தோடு ஒரு கட்டுத் தாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அதில் ஒன்று பணிப்பாளர்களின் தனிப்பட்ட பிணைப் பத்திரம். அதை எடுத்து வாசியுங்கள். பெரும்பாலும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று இருக்கும். அப்படியென்றால் வங்கி உங்களிடம் பாதி, அத்தானிடம் பாதி என்று பிரிக்க வேண்டியதில்லை, அக்காவிடமிருந்தே முழுவதையும் கேட்கலாம். கம்பனியை மூடினாலும் அந்தப் பிணை மூடாது. உங்கள் கூட்டாளியின் பேச்சை விட்டுவிடுங்கள்.

காணி கம்பனி பெயரில் இல்லை, அத்தான் பெயரில் இருக்கிறது. இப்படிக் கடனாளி ஒருவர், ஈடு வைத்தவர் இன்னொருவர் என்று இருக்கும்போது பரேட் செல்லுமா என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஈடு வைத்தவரே பணிப்பாளர் என்றால் கதை வேறு. ஈட்டுப் பத்திரத்தை இப்போதே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், கடிதம் வந்த பிறகு அல்ல. மாவட்ட நீதிமன்றத்தில் வங்கி வழக்குப் போட்டால் சாதாரண வழக்கு மாதிரி போய் நின்று பேச முடியாது, எதிர்த்து வாதாடவே சத்தியக்கடதாசியோடு அனுமதி கேட்க வேண்டும், அதற்குக் கொடுக்கும் காலமும் குறைவு.

கிரிப் (கடன் தகவல் பணியகம்) பற்றியும் சொல்லவேண்டும். கம்பனியின் தாமதம் கம்பனி அறிக்கையில் வரும், பிணை நின்ற உங்கள் மூன்று பேர் அறிக்கையிலும் அந்தப் பிணை தெரியும். கிரிப் யாரையும் தடை செய்வதில்லை, தகவலைக் காட்டும், முடிவு கடன் கொடுப்பவருடையது. அக்கா அரச வேலையில் இருந்து நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்கு ஒரு கடன் கேட்டால் இதைப் பார்ப்பார்கள். அவருக்கு இதை இப்போதே விளக்கமாகச் சொல்லுங்கள், தூக்கம் போவதற்குப் பாதிக் காரணம் தெரியாமல் இருப்பதுதான்.

கரட்_லொறி:
நன்றி ஐயா, நன்றி அண்ணே. பத்திரத்தைப் பார்த்தேன், "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்றுதான் இருக்கிறது. லொறித் தவணையை இந்த மாதம் நிறுத்தி வங்கிக்குக் கட்டலாமா? நுவரெலியாவில் ஒருவர் மாத வட்டிக்குத் தருகிறேன் என்கிறார், அதை வாங்கலாமா?

வெலிமடை_அக்கா:
லொறியை நிறுத்தாதீர்கள் தம்பி. லொறி நின்றால் வியாபாரமே நிற்கும், அப்புறம் எந்தத் தவணையை எதை வைத்துக் கட்டுவது. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனி பெயர்தான் இருக்கும், அதனால் வாகனத்தைத் தூக்குவது காணி ஏலத்தை விட அவர்களுக்குச் சுலபம். எங்கள் வீட்டில் ஒரு கெப் அப்படித்தான் போனது, லோட் ஏற்றி நின்றபோது வந்து எடுத்தார்கள், உள்ளே இருந்த பெட்டிகளுக்குக்கூடப் பட்டியல் எழுதவில்லை. விற்று வந்த காசு போதாமல் மீதிக்கும் கடிதம் வந்தது. அப்படி ஒரு நிலை வந்தால் வெறும் தாளில் கையெழுத்துப் போடாமல், உள்ளே இருக்கும் சாமான் முழுவதையும் எழுதி வாங்குங்கள்.

மாத வட்டிக்காரரிடம் போகவே போகாதீர்கள். வங்கி வட்டி வருடத்துக்கு, அவருடையது மாதத்துக்கு. வங்கிக்கு ஒரு தவணை கட்டுவதற்காக அங்கே வாங்கினால் அடுத்த மாதம் மூன்று பேருக்குக் கட்ட வேண்டிவரும்.

நான் கேட்பது வேறு, சுப்பர்மார்க்கெட் காசு ஏன் இழுக்கிறது என்று பார்த்தீர்களா? சேகரிப்பு நிலையத்தில் சில கூடைகளைத் தரமில்லை என்று திருப்பி, எடையைக் குறைத்துத்தான் ஏற்புச் சீட்டில் முத்திரை குத்துவார்கள். நீங்கள் ஏற்றிய எடைக்கே பில் போட்டிருந்தால் இரண்டும் பொருந்தாது, அந்தப் பில் கணக்குப் பிரிவில் அப்படியே கிடக்கும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு பில்லையும் ஏற்புச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசத்துக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) கொடுத்தால் பல நேரம் அடுத்த கொடுப்பனவிலேயே காசு வந்துவிடும்.

பண்டாரவளை_பழைய_வங்கியாள்:
வெலிமடைத் தங்கச்சி சொன்னபடி பில்களைப் பார்த்து, அந்தப் பில் பட்டியலையே எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். எந்தத் தேதிப் பில், எவ்வளவு, எப்போது வரவேண்டும் என்று ஒரே தாளில். கூடவே வரும் ஆறு மாதத்துக்கு என்ன வரும், என்ன போகும் என்று இன்னொரு தாள். "கொஞ்சம் டைம் தாங்க சேர்" என்றால் முகாமையாளரால் மேலே எழுத முடியாது. மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டுகிறோம், பிறகு தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டுங்கள், சுப்பர்மார்க்கெட் காசு நேராகக் கடன் கணக்குக்கே வரும்படி கடிதம் தருகிறோம் என்று கேட்டால் எழுத முடியும். வங்கிகளில் வணிகப் புத்துயிர் பிரிவு வைக்கச் சொல்லி மத்திய வங்கியே பணித்திருக்கிறது, அந்தப் பிரிவுக்குக் கோப்பை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மறுசீரமைக்கும்போது நிலுவை வட்டியை மூலத்தோடு சேர்க்கிறார்களா, அந்த வட்டிக்கும் வட்டி வருமா, தண்ட வட்டியைக் கழிப்பார்களா, வட்டி வீதம் மாறும் வீதமா என்று எழுத்தில் கேளுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியபோது, மாறும் வீதத்தில் கடன் எடுத்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

கடிதத்தின் பிரதியில் கிளை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சரியான பதில் வராவிட்டால் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவு, அங்கும் முடியாவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மன் அல்லது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம். அங்கே போகும்போது இந்த முத்திரைப் பிரதிதான் கேட்பார்கள்.

ஹட்டன்_கணக்கர்:
ஒன்று விட்டுப்போனது. வேலைக்காரர்களின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசைத் தொட்டு வங்கிக்குக் கட்டாதீர்கள். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் ஏறும், தொழில் திணைக்களம் தனியாக வரும். கம்பனியால் கடன்களைக் கட்ட முடியாது என்று பணிப்பாளர்களுக்குத் தோன்றினால் கூட்டம் கூட்டி முடிவெடுக்கும் கடமையும் சட்டத்தில் இருக்கிறது, ஆகவே நீங்களும் அத்தானும் உட்கார்ந்து பேசியதை எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வையுங்கள்.

கரட்_லொறி:
அத்தான் இன்றைக்கு முகாமையாளரோடு பேசிவிட்டார், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பில்களைப் பார்த்ததில் ஐந்து பில்லில் எடை பொருந்தவில்லை, அக்காதான் கண்டுபிடித்தார், கிரெடிட் நோட் எழுதிக்கொண்டிருக்கிறோம். லொறித் தவணையைக் கட்டிவிட்டோம்.