லைட் பாக்ஸ்ல ஓகே, பையர்கிட்ட போனா ரிஜெக்ட், என்னங்க பண்றது?

கேள்வி (புது லேப்காரன்):
வணக்கம்ங்க, திருப்பூர்ல ஒரு டையிங் லேப்ல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. நேவி ப்ளூ ஜெர்சிக்கு லேப் டிப் (சாம்பிளுக்கு சின்னத் துணில சாயம்) போட்டேன், கலர் ஒத்துப் பாக்கற லைட் பாக்ஸ்ல டி65 லைட்ல பார்த்தா பையர் குடுத்த ஸ்வாட்ச்சும் (சாம்பிள் துணி) நம்மளதும் ஒண்ணாத்தான் இருக்கு, கலர் அளக்கற ஸ்பெக்ட்ரோ மெஷினும் டெல்டா ஈ (கலர் வித்தியாசம்) 0.6னு பாஸ் காட்டுது, ஆனா டிஎல்84 லைட்ல சிவப்படிக்குதுன்னு மூணு தடவ திருப்பிட்டாங்க. மெஷின் பொய் சொல்லுதா, என் கண்ணு பொய் சொல்லுதா?

பட்டறைக்காரர்:
ரெண்டும் இல்லீங்க, இது மெட்டாமெரிசம். டி65 பகல் வெளிச்சம் கணக்கு, 6500 கெல்வின். டிஎல்84 கடை ட்யூப் லைட்டு, 4000 கெல்வின், அதுல நீலம் பச்சை சிவப்புன்னு சில எடத்துல மட்டும் வெளிச்சம் குத்தலா நிக்கும், நடுவுல பள்ளம். பையர் ஸ்வாட்ச்ச வேற சாயத்துல போட்டிருப்பாங்க, அதான் ஒரு லைட்ல ஒத்துப்போயி இன்னொண்ணுல பிரியுது. ரெண்டு துணியோட ரிஃப்ளெக்டன்ஸ் கர்வையும் (எந்தக் கலர் வெளிச்சத்த எவ்வளவு திருப்பி அனுப்புதுன்னு ஸ்பெக்ட்ரோ போடற கோடு) ஒண்ணு மேல ஒண்ணா போட்டுப் பாருங்க, மூணு நாலு எடத்துல வெட்டிக்கிச்சுன்னா அதேதான். சாயத்தோட அளவ ஏத்தி எறக்கி விடிய விடிய டிப் போட்டாலும் வராது, சாயத்தையே மாத்தோணும்.

ஷேட் மாமா:
தம்பி மொதல்ல பாக்ஸுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. எங்க லேப்ல அது பாதி நாள் அலமாரிதான், கோன் நூல், பழைய ஸ்வாட்ச், ஒருத்தரோட டிபன் டப்பா வரைக்கும் இருக்கும். உள்ள அடிச்சிருக்கற சாம்பல் பெயிண்ட் அழகுக்கு இல்ல, கலரா எது இருந்தாலும் அந்தச் சாயல் துணி மேல அடிக்கும். நானே ஒருக்கா ஆரஞ்சு சட்டையோட நின்னு கிரே கலர் துணிய பாஸ் பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டேன் 😅

நூல்பித்தன்:
ஸ்பெக்ட்ரோல ஜெர்சிய ஒரே அடுக்காவா வெச்சீங்க? வெளிச்சம் ஊடுருவிப் போயிரும், நாலா மடிங்க, திருப்பித் திருப்பி நாலு ரீடிங் எடுத்து சராசரி போடுங்க. ட்ரையர்ல இருந்து சுடச்சுட வெக்காதீங்க, சூட்டுல ஷேட் மாறும். அப்புறம் சாஃப்ட்வேர்ல டிஎல்84ன்னு பேரு இல்லைன்னா எஃப்11ன்னு தேடுங்க.

புது லேப்காரன்:
அண்ணா எஃப்11 டிக் பண்ணேன், டெல்டா ஈ 1.9 காட்டுது!! இத்தன நாளா டி65 மட்டும்தான் ஆன்ல இருந்திருக்கு. மாமா, பாக்ஸுக்குள்ள போன வருசத்து காலண்டர் இருந்துச்சு.