நியூ ரிவர் கார்ஜ் பாலம்: நடந்து கடக்க முடியுமா?

கேள்வி:
மேற்கு வர்ஜீனியாவில் இந்தப் பாலத்துக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். கூட மூட்டுவலி உள்ள அப்பாவும் பத்து வயசுப் பையனும் வர்றாங்க. பாலத்துல நடக்க விடுவாங்களா? எங்க நின்னா முழுசாத் தெரியும்?

பதில் 1:
மேல நடக்க முடியாது. அது யூஎஸ் 19 நெடுஞ்சாலை, நடைபாதையே கிடையாது. நீளம் 3,030 அடி. கார்ல ஒரு நிமிஷத்துக்குள்ள தாண்டிடும், கீழ ஓடுற ஆறு கண்ணுல பட்டாலே அதிசயம். நேரா வடகரையில இருக்கிற கேன்யன் ரிம் பார்வையாளர் மையத்துக்குப் போங்க. நுழைவுக் கட்டணம் இல்லை. முதல் பார்வை மேடை பக்கத்துலயே இருக்கு, சக்கர நாற்காலியே போகும். அப்பாவுக்கு அது போதும். பாலம் இன்னும் எடுப்பாத் தெரியணும்னா கீழ் மேடைக்கு 178 படி இறங்கணும். திரும்பி ஏறும்போதுதான் முட்டி கெஞ்சும்.

பதில் 2:
ஃபயட் ஸ்டேஷன் சாலையை விட்டுடாதீங்க. 1977-ல பாலம் திறக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் இந்தச் சாலையில பள்ளத்தாக்குக்குள்ள இறங்கித்தான் ஆத்தைக் கடந்தாங்க. முக்கால் மணி நேரம் வைங்க. பெரும்பகுதி ஒருவழி, அதனால வடகரையிலிருந்தே இறங்கணும். கொண்டை ஊசி வளைவுகள் நெருக்கமா வரும். பெரிய வண்டி, டிரெய்லர் வேண்டாம். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இறங்கினா சூடேறிப் பிடிப்பு குறையும், லோ கியர்ல விடுங்க. சிக்னலை நம்பாம மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்கோங்க.

ஆத்தங்கரையில நின்னு அண்ணாந்து பார்த்தாத்தான் 876 அடி உயரம்னா என்னன்னு புரியும். பாலத்தைத் தாங்குற எஃகு வளைவு மட்டுமே 1,700 அடி. பழுப்பு நிறத்தைப் பார்த்துட்டுப் பராமரிப்பு இல்லைன்னு நினைக்காதீங்க. அது கார்-டென் எஃகு. மேல படியிற துரு கெட்டியா ஒட்டிக்கிட்டு உள்ள இருக்கிற இரும்பைக் காக்கும், பெயிண்ட் தேவையில்லை.

பதில் 3:
நடக்கணும்னு ஆசைன்னா ரெண்டு வழி. அக்டோபர் மூணாவது சனிக்கிழமை, 'பிரிட்ஜ் டே' அன்னைக்கு, வண்டிகளை நிறுத்திட்டு ஜனங்களை விடுவாங்க. மத்த நாள்ல காசு கட்டி, சாலைக்கு அடியில இருக்கிற 24 அங்குல அகல ஆய்வுப் பாதையில வழிகாட்டியோட போகலாம். இடுப்புல ஹார்னஸ் (பாதுகாப்பு வார்) மாட்டிக் கம்பியோட கோத்துடுவாங்க. முன்பதிவு பண்ணும்போதே பையனோட வயசையும் உயரத்தையும் சொல்லிடுங்க. அப்பாவுக்குச் சரிவராது, மூணு மணி நேரம் வரைக்கும் இழுக்கும்.

இன்னொண்ணு: விடியக்காலையில பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி அடைச்சுக்கும், பாலமே காணாமப் போயிடும். பத்து மணிக்கு மேல போங்க.