சேசிஸ் நம்பர் வந்துச்சா?

எங்கள் தெருமுனை டீக்கடையில் மாதக்கணக்கில் எனக்குக் கிடைத்த வரவேற்பு ஒன்றுதான்: "அண்ணே, வண்டி வந்துடுச்சா?" முதல் இரண்டு மாதம் விளக்கமாகப் பதில் சொன்னேன். அப்புறம் "வருது, வருது" என்றேன். பொங்கலுக்குப் பிறகு கடையையே மாற்றிவிட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டீக்கடைக்கா பஞ்சம்?

காடுமேட்டிலும் போகிற, புதிதாக வந்த ஆஃப்ரோடு வண்டிக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் கடலூர், பாண்டிப் பக்கம் நிறையப் பேர். அவர்கள் கதையோடு என் கதையும் இருக்கட்டும். கம்பெனி பெயரும் ஷோரூம் பெயரும் வேண்டாம். வண்டி வந்துவிட்டது, நன்றாகவும் ஓடுகிறது. இனிமேல் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

கேப்பர் மலைக்கு மேற்கே எங்களுக்கு இரண்டரை ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. அப்பா நட்ட மரங்களில் முக்கால்வாசி 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சாய்ந்தன. திரும்ப ஒட்டுக்கன்று வைத்து வளர்த்த தோப்பு இது. போகிற பாதை செம்மண். வெயிலில் புழுதி, மழையில் வழுக்கல், நடுவில் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓர் ஓடை. பழைய காரை ஓடைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, 72 வயது அம்மாவைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவேன். வீட்டில் நான் சொன்ன காரணம் இதுதான். உண்மைக் காரணம், 46 வயதில் எனக்கு அந்த வண்டி பிடித்துப்போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் மனைவிக்குத் தெரியும்.

2024 புரட்டாசியில் 21,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன். டீசல், ஆட்டோமேட்டிக், நாலு சக்கரமும் இழுக்கும் 4x4. "அதிகபட்சம் நாலு மாசம் சார்" என்றார் விற்பனைத் தம்பி. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது: டெலிவரி நாளில் என்ன விலையோ அதுதான் விலை, டெலிவரி தேதிக்கு உத்தரவாதம் இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் படித்தேன். கையெழுத்துப் போட்ட அன்று என் கண் முழுக்க வெளியே நின்ற டெமோ வண்டியின் டயர்மேல்தான் இருந்தது.

கார்த்திகையில் ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 இரவு பாண்டி பக்கத்தில் கரையைக் கடந்த புயல், கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். அது போதாதென்று திங்கட்கிழமை அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடைசியில் வந்து சேர்கிற இடம் எங்கள் ஊர்தான்.

அக்கா வீடு ஆற்றோரத்தில், குண்டு உப்பலவாடிப் பக்கம். "தம்பி, வாசப்படி ஏறிடுச்சுடா" என்று போன் வந்தது. என் காரை எடுத்துப் பிரயோஜனமில்லை. தெரிந்தவர் ஒருவரின் டிராக்டரில் ஏறிப் போனேன். ஓட்டினவர் சும்மா இருக்கவில்லை. "நீங்க புக் பண்ணியிருக்கீங்களே சார், அது மட்டும் இருந்திருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம்ல?" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மனதுக்குள் ஷோரூமைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஒரு வளைவு திரும்பினோம். டிராக்டரின் முன்சக்கரம் தண்ணீருக்குள் மறைந்தது. பின்சக்கரத்தில் பாதி வரை தண்ணீர். வைக்கோலும் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடமும் எங்களைக் கடந்து வேகமாகப் போயின. குடம் போன வேகத்தைப் பார்த்த பிறகு ஓட்டினவர் பேசவில்லை. நான் பதிவு செய்த வண்டி இரண்டடிக்குச் சற்றுமேல் தண்ணீரில் போகும் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். அது நிற்கிற தண்ணீருக்கான கணக்கு. இழுத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீரில் அதில் பாதி ஆழமே காரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அன்றைக்கு அந்த வண்டி என்னிடம் இருந்திருந்தால் நான் கட்டாயம் உள்ளே விட்டிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. ரேஷன் கார்டும் பத்திரமும் வைத்த மஞ்சள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா டிரெய்லரில் ஏறினாள். ஏறியதும் கேட்டாள்: "உன் வண்டி இன்னும் வரலையாடா?"

மழை விட்டது. தை பிறந்தது. ஷோரூமில் ஆள் மாறினார். புதியவர் "மார்ச் முடிவுக்குள்ள சார்" என்றார். மார்ச் போனது. இதற்குள் வங்கியில் வாங்கி வைத்திருந்த கடன் அனுமதிக் கடிதம் காலாவதியாகிவிட்டது. மறுபடி சம்பளச் சீட்டு, மறுபடி ஆறு மாத ஸ்டேட்மென்ட், மறுபடி சிபில் பார்ப்பது. காத்திருக்கப்போகிறவர்கள் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். சேசிஸ் நம்பர், அதாவது வண்டிக்கு வண்டி மாறும் அடையாள எண், கைக்கு வந்த பிறகு ஓடினால் போதும்.

இந்தச் சேசிஸ் நம்பர்தான் விஷயமே. "வண்டி வந்துட்டிருக்கு", "யார்டுல நிக்குது", "அலாட் ஆயிடுச்சு" என்று எதைச் சொன்னாலும் 17 எழுத்து கொண்ட அந்த எண் இல்லாவிட்டால் உங்களுக்கென்று ஒரு வண்டி எங்கும் நிற்கவில்லை என்று பொருள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் வாட்ஸாப் குழு. கடலூர், பாண்டி, நெய்வேலி, விழுப்புரம் ஆட்கள் முப்பது பேருக்கு மேல். காலையில் யாராவது ஒருவர் "சேசிஸ் நம்பர் வந்துச்சா?" என்று போடுவார். வரிசையாக அழுகிற பொம்மைகள் விழும்.

நெய்வேலியில் ஓய்வுபெற்ற ஒருவர் நடுவில் நிறத்தை மாற்றினார். வெள்ளையிலிருந்து கறுப்பு, அவ்வளவுதான். வரிசை எண் கடைசிக்குப் போய்விட்டது. மாற்றும்போது யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, பொறுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு பழைய ஜீப்பைப் பிடித்தார். ஏசி இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. வாரா வாரம் அதன் படத்தை எங்கள் குழுவில் போட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்புவார். ஒருத்தர் "பாண்டி அட்ரஸ்ல போடுங்க, ரோடு டாக்ஸ் மிச்சம்" என்று எல்லோருக்கும் யோசனை சொல்வார். 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை உள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 18 சதவீதம் சாலை வரி. பாண்டியில் அதைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வண்டி 12 மாதத்துக்கு மேல் கடலூரிலேயே ஓடினால் இங்கே மாற்றிப் பதிய வேண்டும். மிச்சம் பிடித்ததெல்லாம் அன்றைக்குக் கணக்கு கேட்கும்.

சித்திரையில் மூன்றாவது ஆள் வந்தார். சின்னப் பையன், திருப்பாதிரிப்புலியூர்க்காரர். "சார், பொய் சொல்ல விரும்பல. உங்க மாடல் இந்த ஷோரூமுக்கு மாசம் நாலு வருது. உங்களுக்கு முன்னாடி பதிமூணு பேர்" என்றார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆடி. ஏழு மாதத்தில் எனக்கு யாராவது சொன்ன முதல் உருப்படியான தகவல் அது. அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன். தாமதம் என்னைப் படுத்தவில்லை. "அடுத்த வாரம்" என்ற வார்த்தைதான் படுத்தியது. அந்தப் பதிமூன்றை முதல் ஆளே சொல்லியிருந்தால் பழைய டீக்கடையை விட்டிருக்க மாட்டேன்.

கணக்கு பிசகவில்லை. ஆடி பிறந்த இரண்டாவது வாரம் போன் வந்தது. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஆடியிலயா? வேணாம்." எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அந்த வண்டி எனக்கு அடுத்து இருந்தவருக்குப் போனது. அவருக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. விவரமான ஆள். அவசரம் இருப்பவர்கள் இந்த இரண்டு மாதத்தில் ஷோரூமை விடாமல் துரத்துங்கள். முன்னால் இருப்பவர்கள் "இப்ப வேணாம்" என்று ஒதுங்கும் நேரம் அது. ஆக மொத்தம், என் தாமதத்தில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக் கணக்கில்தான் சேரும்.

ஆவணியில் சேசிஸ் நம்பரோடு மறுபடி அழைத்தார்கள். ஆனால் அதற்குள் ஆகஸ்ட் 15 செங்கோட்டை உரையில் ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று பிரதமர் சொல்லியிருந்தார். என் வண்டி போன்ற பெரிய எஸ்யூவிக்கு 28 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்கிற 22 சதவீதக் கூடுதல் வரியும் சேர்ந்து 50. அதாவது 100 ரூபாய் வண்டி 150. செப்டம்பர் 22 முதல் செஸ் போய் வெறும் 40 என்று அடுத்த மாதம் உறுதியானது. 150 ரூபாய் 140 ஆகிறது. 20 லட்சத்துக்குப் பார்த்தால் 1.3 லட்சம்!

பத்து மாதம் நான் துரத்திய ஷோரூம் இப்போது என்னைத் துரத்தியது. "பில் போட்டுடலாமா சார்?" ஏற்கெனவே கட்டிய செஸ் அவர்கள் கணக்கில் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பையன் பாவம்தான். ஆனாலும் சொன்னேன்: "கொஞ்சம் பொறுங்க தம்பி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்." சொல்லும்போது இருந்த சுகத்தை ஏன் மறைக்க வேண்டும்? அவரும் சிரித்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டி எடுத்தோம். ரிப்பன் கட்டுவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும், மாலை போட்ட பிறகு எந்தக் கீறலும் கண்ணில் படாது. பானெட்டைத் திறந்து சேசிஸ் நம்பரைக் கம்பெனி தரும் ஃபார்ம் 22 சான்றிதழோடு ஒத்துப் பார்த்தேன், தயாரான மாதம் பார்த்தேன், ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரின் தேதியும் பார்த்தேன். இடது கண்ணாடிக்குக் கீழே ஒரு பொட்டு அளவு பெயின்ட் போயிருந்தது. அப்போதே எழுதி வாங்கிக்கொண்டேன்.

நேரே திருவந்திபுரம் கோயில். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தேங்காய் உடைத்து, அம்மாவை முன் இருக்கைக் கதவருகே கூட்டி வந்தேன். அம்மா ஒரு காலைத் தூக்கினார். எட்டவில்லை. மறு காலைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் எட்டவில்லை. கால் வைத்து ஏறும் படி தனியாக வாங்கி மாட்ட வேண்டுமாம். இத்தனை மாதத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை. எதிரே பூக்கடைக்காரம்மா, "இந்தாங்க, இதுல ஏறுங்க" என்று தான் உட்கார்ந்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை நீட்டினார். அம்மா ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "அதுக்கு எவ்வளவுன்னு கேட்டு வாங்கிப் போட்டுக்கோ" என்றார்.

ஸ்டூல் 150 ரூபாய். ஓடையைத் தாண்டித் தோப்புக்குள் போனதும் முதலில் டிக்கியிலிருந்து இறங்குவது அதுதான். படி ஆர்டர் போட்டிருக்கிறேன். "ரெண்டு வாரம் சார்" என்றார்கள்.