அத்தை இறந்ததை மாமாவிடம் தினமும் சொல்ல வேண்டுமா? திதி வேறு வருகிறது

பொன்மலை மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி பொன்மலையிலிருந்து எழுதுகிறேன். என் மாமனாருக்கு 77 வயது. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து 2008-இல் ஓய்வு பெற்றவர். 2021-இல் நரம்பியல் டாக்டர் அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொன்னார். பி12, தைராய்டு, எம்ஆர்ஐ எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அதற்கு டோனெபெசில் 10 மி.கி., மெமன்டின் இரண்டு மாத்திரையும் கொடுத்துவருகிறோம்.

அத்தை 2023 ஐப்பசியில் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடியும்வரை மாமா கூடவே இருந்தார். வந்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். கருமாதி முடிந்த சில நாளிலேயே என்னிடம் வந்து, "ஏம்மா, உங்க அத்தை கடைக்குப் போயிருக்காளா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கும். கேட் தாழ்ப்பாளைப் போய்ப் போய்ப் பார்ப்பார். "இருட்டப் போகுது, இன்னும் வரலையே" என்பார். என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல மனது வராது. பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அம்மா இறந்து ரெண்டு வருஷம் ஆகப் போகுதுப்பா" என்று நிதானமாகத்தான் சொல்வார். மாமா அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல உடைந்துபோவார். "என்னைக் கூப்பிடாம எடுத்துட்டீங்களாடா?" என்று கேட்பார். இந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெற்ற பிள்ளையே தன்னிடம் மறைத்துவிட்டான் என்று நினைக்கிறார். அதற்கப்புறம் சோறு இறங்காது. கொஞ்ச நேரத்தில் எதற்காக அழுதோம் என்பதே மறந்துபோகும், ஆனால் முகம் மட்டும் அப்படியே இருக்கும். படுக்கப் போகிற நேரத்தில் மறுபடியும் கேட்பார்.

நான் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். "பூதலூர் போயிருக்காங்க மாமா, வந்துடுவாங்க" என்பேன். பூதலூர்தான் அத்தையின் பிறந்த ஊர். அந்தக் காலத்தில் பாசஞ்சரில் போய்விட்டு வருவார், மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு பொன்மலை ஸ்டேஷனுக்குக் கூப்பிடப் போவார். அதனால் சில நாள் நான் சொன்னதே வினையாகிவிடுகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிள் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

கூடத்தில் அத்தை படம் இருக்கிறது, சந்தன மாலையும் சின்ன பல்பும் போட்டு. சில நாள் அதன் முன்னால் நின்று, "யாரு இந்த அம்மா, பாவம்" என்று கும்பிடுவார். அவர் தேடுகிறவருக்கு முப்பது வயது இருக்கும்போல. நரைத்த தலையோடு இருக்கிற படம் அடையாளம் தெரிவதில்லை. வேறு சில நாள் தெரிந்துவிடும். அன்றைக்கு, "உயிரோட இருக்கறவளுக்கு எவன் மாலை போட்டது?" என்று பிய்த்துப் போடுவார். மாலையை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு நாத்தனார் அழுதுவிட்டார். "எங்க அம்மா இருந்த சுவடே தெரியாம பண்ணப் பாக்குறியா?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அம்மா போன துக்கம்தானே.

இப்போது திதி வருகிறது. என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் திதி கொடுத்துவிட்டு வந்ததும் வீட்டில் இலை போட்டுப் படைப்போம். சொந்தக்காரர்கள் வருவார்கள். அப்பாவை உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொல்லி, பூப் போட வைக்க வேண்டும் என்கிறார் நாத்தனார். எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அவரைப் பக்கத்துத் தெருவில் அவருடைய பழைய சிநேகிதர் வீட்டில் விட்டுவிடலாமா?

இன்னொன்று. இந்த இரண்டு வாரமாக ரொம்ப மோசம். மழை ஆரம்பித்ததிலிருந்து சளி, மெடிக்கலில் வாங்கின சளி மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். ராத்திரி தூக்கமே இல்லை. சுவரோரம் யாரோ நிற்பதாகக் கை காட்டுகிறார். நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதா?

நல்ல நேரங்களும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஊட்டி மலை ரயில் எஞ்சின்கள் பழுது பார்க்க பொன்மலைக்குத்தான் வரும். அதன் பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கிற பல்லை எப்படிக் கவ்விப் பிடிக்கும் என்று கேளுங்கள், இரண்டு கை விரல்களையும் கோத்து என் பையனுக்கு அவ்வளவு அழகாகக் காட்டுவார். காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்றால் தெரியாது.

---

மதுரைச் செவிலி:

சகோதரி, முதலில் அந்த சளி மாத்திரையைக் கவனியுங்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், குளோர்பெனிரமின் என்று இருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான சளி மாத்திரைகளில் அது உண்டு. மூளையில் அசெட்டைல்கோலின் என்று ஒன்று இருக்கிறது, நினைவுக்கு அது வேண்டும். அல்சைமரில் அது குறைந்துபோகும். இருக்கிற கொஞ்சத்தையாவது காப்பாற்றத்தான் டோனெபெசில் கொடுக்கிறார்கள். குளோர்பெனிரமின் அந்த அசெட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கின கதைதான். டாக்டருக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள், சளிக்கு வேறு தருவார்.

அல்சைமர் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாக இறங்குகிற நோய். இரண்டே வாரத்தில் ஒருவர் திடீரென்று மாறினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீரையும் பரிசோதித்துவிடுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீரில் தொற்று வந்தால் பல நேரம் காய்ச்சல் இருக்காது, எரிச்சல் சொல்லத் தெரியாது, குழப்பம் மட்டும்தான் தெரியும். மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, எங்கேயாவது வலி, இவையும் இப்படிச் செய்யும். டோனெபெசிலை ராத்திரி கொடுக்கிறீர்களா? சிலருக்கு அது பயங்கரக் கனவைக் கொண்டுவரும். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். தூக்க மாத்திரையோ மனநல மாத்திரையோ மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மனநல மருந்துகளில் ஆன்டிசைக்காடிக் என்ற வகை, மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்திருக்கிறது. தவிர்க்க முடியாத நேரத்தில் டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது வேறு விஷயம்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக நடப்பதைப் பதிய வைக்கிற இடம் ஹிப்போகேம்பஸ். இந்த நோயில் முதலில் அடிபடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் எஞ்சின் நினைவில் இருக்கிறது, அத்தை இறந்தது இல்லை. உங்கள் வீட்டுக்காரர் எத்தனை முறை சொன்னாலும் அது மாமாவிடம் தங்கப் போவதில்லை. ஆனால் துக்கம் தங்கும். அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-இல் ஒரு ஆய்வு செய்தார்கள். அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். காட்சி மறந்துபோன பிறகும் சோகம் போகவில்லை. குறைவாக நினைவிருந்தவர்களுக்குத்தான் சோகம் அதிக நேரம் நீடித்தது. முகம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று நீங்கள் எழுதினீர்களே, அதுதான் இது.

என் கருத்து, தினமும் சொல்லக் கூடாது. அதற்காக "வந்துடுவாங்க" என்றும் சொல்ல வேண்டாம், அவர் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். "அத்தையைத் தேடுறீங்களா மாமா? எனக்கும் அவங்க ஞாபகமாத்தான் இருக்கு. கல்யாணத்தப்ப எப்படி இருந்தாங்க?" என்று அவரைப் பேச விடுங்கள். அவர் தேடுவது பாதுகாப்பை, துணையை. மூன்றரை மணிக்கே டீயும் பலகாரமும் கொடுத்து, வெளிச்சம் குறைவதற்கு முன்னாலேயே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். அந்தி மங்கலும் நிழலும்தான் இவர்களை ரொம்ப மிரட்டும். திதியன்று சிநேகிதர் வீட்டில் விடுவதே நல்லது என்பேன்.

---

தஞ்சாவூர்க்காரன்:

செவிலியம்மா சொன்ன மருந்து விஷயம் அத்தனையும் சரி. திதி விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு அனுபவம்.

என் அம்மாவுக்கும் இதே நோய். அப்பா போன பிறகு படத்தையே எடுத்து அலமாரியில் வைத்தோம். தேடல் நிற்கவில்லை, இன்னும் கூடியது. அப்புறம் அவர்கள் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி, மாலை இல்லாமல், அவர் கட்டிலுக்கு எதிரே மாட்டினோம். அந்த அப்பாவை அம்மாவுக்குத் தெரிந்தது. அதோடு பேசிக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் அதைச் செய்து பாருங்கள்.

அப்பா திதிக்கு அம்மாவை வீட்டில்தான் வைத்திருந்தோம். யாரும் எதையும் விளக்கவில்லை. இலை போட்டதும் அவரே தண்ணீர் தெளித்துத் துடைத்தார், எந்தப் பக்கம் எதை வைப்பது என்று எங்களைத் திருத்தினார். சாம்பிராணி வாசனை வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. என் அத்தை, சித்தி எல்லோரும் அழுதார்கள், அம்மாவும் அவர்களோடு அழுதார். யாருக்காக என்று தெரிந்ததா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து அழுவதும் அன்று அழுததும் ஒன்றில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினார்.

நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர். மனைவிக்கு இலை போடுகிற நாளில் அவரை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. கூட்டத்தைக் குறையுங்கள். பூவைக் கையில் கொடுங்கள், போட்டால் போடட்டும். "இது யாருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்கிற ஒரு சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் இருப்பார், அவரை மட்டும் முன்கூட்டியே பேசித் தடுத்துவிடுங்கள். மாமா தவிக்க ஆரம்பித்தால் உங்கள் பையன் அவரை வெளியே அழைத்துப் போகட்டும்.

---

பெரம்பூர் ஓய்வூதியர்:

நானும் ரயில்வேதான், கணக்குப் பிரிவு. சைக்கிள் சாவியைத் தேடுகிறார் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கிளம்பிவிடுவார். வீட்டு முகவரியும் உங்கள் போன் நம்பரும் எழுதி எல்லாச் சட்டைப் பையிலும் தைத்துவிடுங்கள். பொன்மலை ஸ்டேஷனில் இருப்பவர்களிடமும் வாசல் டீக்கடையிலும் அவர் போட்டோவைக் காட்டிச் சொல்லி வையுங்கள். ரயில் ஏறிவிட்டார் என்று சந்தேகம் வந்தால் உடனே ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் போடுங்கள். தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருக்க வேண்டாம்.

பென்ஷன் தொடர்ந்து வர நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள். பென்ஷன் பணம் எடுக்கக் கையெழுத்து வராவிட்டால் கைரேகை போதும். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் கவலையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தி இழந்தால் அந்தப் பத்திரமும் செல்லாமல் போகும். சொத்து விஷயம் ஏதாவது இருந்தால் வக்கீலைப் பாருங்கள், உயர் நீதிமன்றம் மூலம் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டி வரலாம். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

பொன்மலை மருமகள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியம்மா சொன்ன பெயர்தான் மாத்திரை அட்டையில் இருந்தது. டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். சிறுநீரில் தொற்று இல்லை. டோனெபெசிலைக் காலைக்கு மாற்றியிருக்கிறார். சுவரோரம் ஆள் நிற்பதாகச் சொல்வது நின்றிருக்கிறது, ராத்திரியும் ஓரளவு தூங்குகிறார். அத்தையைக் கேட்பது நிற்கவில்லை.

நாத்தனார் இந்த வாரம் இங்கே வந்து தங்கினார். முதல் நாள் சாயங்காலம் அவரே அப்பாவிடம் உண்மையைச் சொன்னார். "என்னைக் கூப்பிடாம எடுத்துட்டீங்களா?" என்ற கேள்வி அவரிடமும் வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாமா கேட்டபோது நாத்தனார், "அம்மா உங்களுக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு எப்படி வைப்பாங்க, சொல்லுங்கப்பா" என்று ஆரம்பித்தார். மாமா விளக்கு வைக்கிற நேரம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மாலை போட்ட படம் சாமி அறைக்குப் போய்விட்டது, பல்போடு. கூடத்துக்கு மாட்ட, அவர்கள் கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறோம். நாத்தனார்தான் தேடி எடுத்துக் கொடுத்தார்.

திதிக்கு மாமா வீட்டிலேயே இருப்பார் என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மா மண்டபத்துக்கு அழைத்துப் போகவில்லை, படியும் கூட்டமும் அவருக்கு ஆகாது. பரீட்சை வைக்கிற சொந்தக்காரரிடம் என் வீட்டுக்காரர் பேசிவிட்டார்.

இன்னொரு உதவி வேண்டும். குளிக்க வைக்க நான் பக்கத்தில் போனால் மாமா கூசிப்போகிறார், துண்டை விட மாட்டேன் என்கிறார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட் இருக்கிற வாரங்களில் வேறு ஆண் துணை இல்லை. திருச்சியில் காலையில் மட்டும் வந்து போகிற ஆண் உதவியாளர் வைத்திருப்பவர்கள் இருந்தால், எப்படி ஆள் பிடித்தீர்கள், மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.